நாலாம் பக்கம்

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து நாலாம் பக்கம் வெளியே வந்தபோது சின்னவள் அதைக் கையில் எடுக்கவில்லை. மற்ற பக்கங்களைத் தட்டிச் சீராக அடுக்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, அது மட்டும் தட்டில் சூடாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளே எழுதிய பக்கம்தான். அவளே தட்டச்சு செய்து, மூன்று முறை பிழை பார்த்து, உறைக்குள் போட்டு அனுப்பியது. எட்டு மாதத்துக்கு முன்னால் அது ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போகிற காகிதமாக இருந்தது. இப்போது அதைத் தெருவில் ஒட்ட வேண்டும்.

காலையில்தான் நிதி அலுவலகத்து அம்மா போன் செய்திருந்தாள். பொது இடங்களில் ஓவியம் வரைய உதவி தருகிற நிதி அது. ஊருக்கு ஒரு சுவர், தெருவுக்கு ஒரு படம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தெருவின் மனு பாஸாகிவிட்டது என்று கேட்டதும் சின்னவள் கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்புறம்தான் அந்த அம்மா அடுத்ததைச் சொன்னாள்.

"மனு முழுசையும் அந்தச் சுவத்துலயே பதினஞ்சு நாள் ஒட்டி வைக்கணும்மா. எல்லாப் பக்கமும், கண் மட்டத்துல. ஒட்டினதும் ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுங்க. அக்கம்பக்கத்துல இருக்கறவங்க படிச்சுப் பார்த்துட்டு, ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம். அதுக்கும் படிவம் அனுப்பியிருக்கேன். ஒண்ணும் வரலேன்னா வேலைய ஆரம்பிச்சிடலாம்."

"நாலாம் பக்கத்த மட்டும் விட்டுடலாமாம்மா?"

"ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் சுவத்துலயும் இருக்கணும். ஏன், அதுக்கென்ன? அந்தப் பக்கத்துக்குத்தானே நாப்பதுக்கு முப்பத்தெட்டு மார்க் வந்திருக்கு. கமிட்டில ஒருத்தர் அதைப் படிச்சிட்டுக் கண்ணத் துடைச்சிக்கிட்டாரு."

இந்த விதி மனுவின் கடைசியில், குறிப்புகளில் பதினொன்றாவதாகப் பொடி எழுத்தில் இருந்ததாம். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் 'படிக்காம கையெழுத்துப் போடாதீங்க' என்று தொண்டை வறளச் சொல்கிறவள் சின்னவள். ஊருக்கு உபதேசம் செய்யச் சுலபமாகத்தான் இருக்கிறது.

அவள் வேலை பார்ப்பது ஒரு ஜெராக்ஸ் கடையில். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. வருகிற கூட்டத்தில் பாதி அவளிடம் மனு எழுதிக்கொள்ள வருவது. குழாய் இணைப்புக்கு, பென்ஷனுக்கு, பிறப்புச் சான்றிதழில் தப்பாகப் போன தேதிக்கு என்று அவள் எழுதாத மனு இல்லை. எந்த அலுவலகத்துக்கு எப்படி எழுதினால் காகிதம் நகரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஓர் இடத்தில் பணிவாக எழுத வேண்டும், ஓர் இடத்தில் சட்டம் பேச வேண்டும், ஓர் இடத்தில் கொஞ்சம் அழ வேண்டும். நாற்பத்தாறு வயதாகியும் தெருவில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். காரணம், நாலு வீடு தள்ளி ஐந்து வயது மூத்த பெரியவள் இருந்தாள். அக்காள் தங்கை இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தே பழகிய தெரு, ஒருத்தியைத் தனியாகப் பார்த்தால்கூட 'எங்கே மத்தவ?' என்று கேட்கும்.

சுவர் என்பது தண்ணீர்த் தொட்டி வளாகத்தின் சுவர். தெரு முடிந்து மெயின் ரோட்டுக்குத் திரும்புகிற வளைவில், நூற்றிருபது அடி நீளத்துக்கு மொட்டையாக நிற்கும். அந்த வளைவில்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியவளின் ஒரே மகன் மோட்டார் சைக்கிளில் வந்து சுவரில் மோதிச் செத்துப்போனான். பத்தொன்பது வயது. இடிந்த இடத்தைப் பிறகு பூசினார்கள். பூசிய சிமென்ட் பழைய சுவரோடு ஒட்டாமல், ஓர் ஆள் அகலத்துக்கு வெளுப்பாகத் தனியே தெரிந்தது. பெரியவள் சலவை நிலையத்து வேலைக்குப் போக அந்த வளைவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். முந்தானையை இழுத்து முகத்தோடு பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்துக் கடைகளைப் பார்த்தபடியே தாண்டுவாள். தினமும் இரண்டு முறை இதைக் கடை வாசலிலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் சின்னவளுக்கு அந்தச் சுவரை ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று வந்தது. பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் இந்த நிதியைப் பற்றிச் சொன்னதும், "நீங்க படத்தப் பார்த்துக்குங்க டீச்சர், மனுவ எங்கிட்ட விட்டுடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள் பெயர்தான்.

முதல் தடவை யோக்கியமாகத்தான் எழுதினாள். சுவர் நீளமானது, எல்லோரும் கடந்து போவது, படம் இருந்தால் தெரு அழகாக இருக்கும், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். திரும்பி வந்த கடிதத்தில், 'இப்பகுதிக்கு இக்கலைப்பணி ஏன் தேவை?' என்ற கேள்விக்கு நாற்பதுக்குப் பதினொன்று போட்டு, 'தேவை போதுமான அளவு நிறுவப்படவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அதுவரை அவள் எழுதிய மனு திரும்பி வந்ததே கிடையாது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தாள். நல்ல தெருவுக்கு யாரும் எதுவும் தர மாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது.

மறு வருடம் தெருவைக் கெட்ட தெருவாக்கினாள். விளக்கு எரியாத தெரு, பெண்கள் தனியே நடக்க அஞ்சுகிற தெரு, மாலைப் பொழுதைக் கழிக்க இடமில்லாமல் இளைஞர்கள் வழி தவறுகிற தெரு. நாலாம் பக்கத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. 'உண்மைச் சம்பவம் இருப்பின் குறிப்பிடவும்.' அந்த வரியின் முன்னால் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள். பெயர் போடவில்லை. 'போதை மாத்திரைப் பழக்கத்துக்கு ஆளான பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், சுயநினைவின்றி வாகனம் ஓட்டி இதே சுவரில் மோதி உயிரிழந்தான். அவன் தாய் இன்றும் இச்சுவரைக் கடக்கையில் முகத்தை மூடிக்கொள்கிறாள்.' எழுதி முடித்தபோது அவள் கண்ணிலும் தண்ணீர் வந்ததென்னவோ நிஜம். ஆனால் நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியும் கூடவே இருந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

மாத்திரை விஷயம், டாக்டரை விட்டால், உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படிவங்களை நிரப்பியது சின்னவள். டாக்டர் வராந்தாவில் நின்று அக்காள் தங்கை இருவரிடமும் சொன்னார், அவ்வளவு மாத்திரை ரத்தத்தில் இருந்தால் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே கஷ்டம் என்று. பெரியவள் அழவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்டி. அவருக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு" என்றாள். அத்தான் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். மறுநாள் காலையில் வந்து, எப்படி என்று கேட்டார். லாரியிலிருந்து கொட்டின மணல் வளைவில் கிடந்தது, சறுக்கிவிட்டது என்றாள் பெரியவள்.

அன்றிலிருந்து அத்தான் மணல் பெருக்குகிறார். பஸ் ஓட்டிவிட்டு வந்திருந்தாலும் சரி, காய்ச்சலாக இருந்தாலும் சரி, விடிந்ததும் ஒரு துடைப்பமும் தகர முறமுமாக வளைவுக்குப் போவார். மெயின் ரோட்டுப் பக்கம் எங்கேயோ கட்டடம் எழும்பிக்கொண்டே இருந்ததால் மணலுக்குப் பஞ்சமில்லை. குனிந்து சுத்தமாகப் பெருக்கி, அள்ளி, வளாகத்து மரத்தடியில் கொட்டுவார். இரண்டு வருடத்தில் அங்கே ஒரு சின்ன மேடே ஆகிவிட்டது. தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பால் வண்டிக்காரர்கூட அவர் பெருக்கி முடிக்கும் வரை காத்திருந்துதான் போவார்.

அந்தச் சாயங்காலம் சின்னவள் அக்காள் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். பெரியவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மளிகை சுற்றி வந்த காகிதத்தை மடி மேல் விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து என்று இருந்தால் போதும். மருந்துப் புட்டியின் லேபிள், பஸ்ஸின் முதுகு, கரண்ட் பில்லின் பின்புறம், எதையும் விட மாட்டாள். இவளிடமிருந்து தெருச் சுவரில் ஒட்டிய காகிதத்தை எப்படி மறைப்பது என்று நினைத்துக்கொண்டே சின்னவள் உட்கார்ந்தாள். அத்தான் கூடத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸாயிடுச்சாமே. டீச்சரம்மா சொன்னாங்க," என்றாள் பெரியவள். "என்னடி வரையப் போறீங்க?"

"ஆறு. பெரிய ஆறு ஒண்ணு, சுவர் நெடுக. அறுபது பிள்ளைங்க ஆளுக்கொரு மீன் வரைஞ்சு குடுத்திருக்காங்க."

"நீலம் நல்லா அடர்த்தியா போடச் சொல்லு. வெளுத்த நீலம் வேணாம். அந்த ஒட்டுப்போட்ட இடம் தெரியக் கூடாது."

"சரிக்கா."

கூடத்திலிருந்து அத்தான், "நம்ம வீட்டுப் பொண்ணு எழுதி ஒரு மனு திரும்பி வருமா?" என்றார். போன வருடம் திரும்பி வந்ததை அவர் மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் பேசினார்.

வாசல் வரை பெரியவள் கூட வந்தாள். இதுதான் சமயம் என்று சின்னவள், "அக்கா, அந்த மனுவுல..." என்று ஆரம்பித்தாள்.

"சுவரு மறைஞ்சாப் போதும்டி," என்றாள் பெரியவள். "ரெண்டு வருஷமா கழுத்துச் சுளுக்கிக்கிட்டு நடக்கறேன். இனிமே நேராப் பார்த்து நடப்பேன். நீ செஞ்சிருக்கே பாரு, அந்தப் புண்ணியம் உனக்கு."

இதைக் கேட்ட பிறகு என்ன சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சின்னவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். மனுவையே திரும்ப வாங்கிவிடலாமா என்றும் வழியெல்லாம் யோசித்தாள். அப்படிச் செய்தால் அறுபது மீனுக்கும் டீச்சருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, மொட்டைச் சுவர் மொட்டையாகவே நிற்கும். அதைக் கேட்டுப் பெரியவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கடையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இருபது வருடமாக ஜெராக்ஸ் மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். எல்லாப் பக்கத்தையும் ஒட்ட வேண்டும் என்றுதானே விதி? எந்த அளவில் என்று விதி இல்லையே. நாலாம் பக்கத்தை மட்டும் பாதியாகச் சுருக்கினாள். மையையும் குறைத்தாள். வெளியே வந்த எழுத்து எறும்பு போனதுபோல் இருந்தது. தூரத்திலிருந்து ஃபோட்டோ எடுத்தால் ஏழு பக்கமும் வரிசையாகத் தெரியும், அலுவலகத்துக்கு அது போதும். சுவரில் ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கும் இப்படித்தான் மூச்சு சீராக வரும்போலிருக்கிறது. ஆறு பக்கம் பெரிய எழுத்தில் இருக்க, ஒரு பக்கம் மட்டும் பொடி எழுத்தில் இருந்தால் எவனுக்குத்தான் என்னவென்று பார்க்கத் தோன்றாது? பெரிய எழுத்துப் பக்கங்களை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தச் சின்னக் காகிதத்தின் முன்னால் குனிந்தார்கள். கண்ணைச் சுருக்கினார்கள். ஒருவர் படித்துச் சொல்ல நாலு பேர் கேட்டார்கள்.

பதினோரு மணிக்குத் தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்கக் கடைக்கு வந்து நின்றார். "முப்பது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். இவ்வளவு பயங்கரமான எடம்னு இன்னிக்குத்தான் தெரியும். பொம்பளைங்க நடக்க அஞ்சறாங்களாமே. எங்க வீட்டுக்காரியப் பார்த்துத் தெருதான் அஞ்சுது" என்று சிரித்தார். சின்னவளும் சிரிக்கப் பார்த்தாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, மேசையில் கிடந்த காகித வெயிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, கடைசியில எழுதியிருக்கியே, அது... நம்ம பையனா? மாத்திரையா?"

அவர் வெயிட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். அந்தத் தெருவில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று எழுந்தாள். அப்போதுதான் அத்தான் படியேறி உள்ளே வந்தார்.

யூனிஃபார்மில் இருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "ஏம்மா சின்னவளே, மத்தியானம்தான் டியூட்டி. போற வழியில உன் மனுவ ஃபோட்டோ புடிச்சேன், ஏழு பக்கமும். அக்காகிட்ட காட்டணும். வச்சிக்கணும்ல, நம்ம வீட்டுப் பொண்ணு எழுதினது. இந்த ஒரு பக்கம் மட்டும் எழுத்தே தெரியல. மிஷின் சரியில்லையா என்ன? கொஞ்சம் பெரிசாப் போட்டுக் குடு." போனை நீட்டினார்.

"மிஷின் சூடாயிருக்கு அத்தான். சாயங்காலம் போட்டு வீட்டுக்கே கொண்டாரேன்."

"பரவால்லம்மா, ஆறட்டும். நான் இருக்கேன்," என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தங்கள் காகிதங்களை நீட்டினார்கள். சின்னவள் எல்லோரிடமும் மிஷின் சூடாயிருக்கிறது என்றாள். அத்தான் கூட்டத்துக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போனது. அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் ஒரு பென்ஷன் மனுவைக் கையால் எழுத ஆரம்பித்தாள், இரண்டு முறை அடித்துத் திருத்தினாள். அந்த நேரத்தில் வெளியே போயிருந்த கடைக்காரர் திரும்பி வந்தார். வரிசையைப் பார்த்ததும் அவருக்கு வேலை செய்கிற வேகம் வந்துவிட்டது.

"சூடாவது ஒண்ணாவது. யாரு சொன்னா? டிரைவர் அண்ணே, எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க? போனைக் குடுங்க இப்படி."

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்தைக் கறுப்பாக்கி, பக்கம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கிப் பட்டனைத் தட்டினார். மிஷின் ஒரே மூச்சில் அச்சடித்தது. நல்ல வேலைக்காரர், ஓர் எழுத்து கூட மங்கவில்லை. அத்தான் வாங்கிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து வாசித்தார். முதல் பாதியில் ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு ஆட்டவில்லை. கடைசி வரிக்குப் போன கண் மறுபடி மேலே வந்து இன்னொரு தடவை கீழே இறங்கியதைச் சின்னவள் பார்த்தாள். அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். அவளைப் பார்க்காமல் கடைக்காரரிடம், "நல்லாத் தெரியுது" என்றார். படியிறங்கி பஸ் டிப்போ இருந்த பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

சின்னவள் அன்று மூன்று முறை அக்காளுக்குப் போன் செய்தாள். பெரியவள் எடுக்கவில்லை. சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, யாரோ நடக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்மணி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். இந்தப் படியில் அவள் காத்து நின்றதே கிடையாது. எப்போதும் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக அடுப்படி வரை போகிறவள். கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலை வளைவில் மணல் அப்படியே கிடந்தது. பால் வண்டிக்காரர் பழக்கத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மணல் மேலேயே உருட்டிக்கொண்டு போனார். அடுத்த நாளும் கிடந்தது. சின்னவளே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த இடம் வரை போனாள். குனியப்போகையில் தெருவில் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. அது அவள் பெருக்க வேண்டிய மணல் இல்லை என்று தோன்றிவிட்டது. திரும்பி வந்துவிட்டாள். டீச்சர் கடைக்கு வந்து, நீலப் பெயின்டுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். தெருப் பேச்சு இன்னும் அவள் காதுக்கு வரவில்லை போலிருந்தது. சின்னவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் கடையில் நல்ல கூட்டம். சின்னவள் தலை குனிந்து ஒவ்வொரு படிவமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். "அடுத்து" என்று நிமிர்ந்தபோது எதிரில் பெரியவள் நின்றாள். வரிசையில் நின்று, தன் முறை வருகிற வரை காத்திருந்து வந்திருக்கிறாள். சலவை நிலையத்து மேலங்கியைக் கழற்றாமல் வந்திருந்தாள். முகம் கழுவி, தலை வாரி, ஏதோ பெரிய அலுவலகத்துக்குப் போகிறவள்போல் இருந்தாள்.

"ஒரு ஆட்சேபணை மனு எழுதணுங்க," என்றாள்.

பிறந்ததிலிருந்து 'அடியே', 'வாடி', 'போடி' தவிர வேறெதையும் தன்னிடம் சொல்லாத வாய். சின்னவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். "அக்கா, உள்ள வா. உள்ள வந்து உக்காரு. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு."

"பின்னால ஆளுங்க நிக்கறாங்க. எழுதிக் குடுப்பீங்களா, வேற கடைக்குப் போகட்டுமா?"

சின்னவள் மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அலுவலகத்து அம்மா அனுப்பியதில் ஐம்பது நகல் எடுத்து அவளே வைத்திருந்தாள். பெயர், முகவரி, சுவருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் கேட்காமலே எழுதினாள். 'ஆட்சேபணைக்குக் காரணம்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"என்னன்னு எழுதட்டும்?"

"நாலாம் பக்கத்துல இருக்கறது பொய்னு எழுதுங்க. எம்புள்ள மணல்ல சறுக்கித்தான் விழுந்தான்னு எழுதுங்க."

பின்னால் நின்றவர்கள் ஓர் அடி நெருங்கி வந்தார்கள். கடைக்காரர் மிஷினை அணைத்தார். இதை எழுதினால் என்ன ஆகும் என்று சின்னவளுக்குத் தெரியும். மனு பொய் என்றாகும், விசாரணை வரும், ஆறும் மீனும் எல்லாம் போகும், இனிமேல் அவள் எழுதுகிற காகிதத்தை எந்த அலுவலகமும் நம்பாது. அதெல்லாம் அவளுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இப்படி ஒரு காகிதம் கையில் கிடைத்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டுபோய் அத்தானிடம் காட்டலாம் என்று பெரியவள் நினைக்கிறாள். அதுதான் அவளைச் சுட்டது. எழுதினாள்.

"எங்க வீட்டுக்காரரு நாலு நாளா யார்கூடயும் பேசலேன்னு எழுதுங்க. ரெண்டு வருஷமா என்னை நடுத்தெருவுல குனிய விட்டு வேடிக்கை பார்த்தியான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசல. அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் மனுவுல எழுத முடியாதுக்கா."

"ஏன்? நாலாம் பக்கத்துல எழுத முடிஞ்சுதே."

பெரியவள் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். சின்னவள் அதையும் எழுதினாள், அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, ஒன்றைக்கூட அலுவலகத் தமிழாக்காமல். எழுத்து கோணிக் கோணிப் போயிற்று. தேதி போட்டு, கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு, படிவத்தை அக்காள் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினாள்.

பெரியவள் பேனாவை வாங்கவில்லை. வலது ஆள்காட்டி விரலைப் படிவத்தின் முதல் வரியில் வைத்து, அங்கிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நுனி வெளுத்துச் சுருங்கிய விரல். பெயரில் ஊர்ந்தது, முகவரியில் ஊர்ந்தது, அதற்கடுத்த வரியில் நின்றது. அங்கே ஒரு கட்டம் காலியாக இருந்தது. சின்னவள் அதைத் தாண்டித்தான் எழுதியிருந்தாள்.

"விண்ணப்பதாரருக்கு நீங்கள் என்ன உறவு," என்று பெரியவள் எழுத்துக்கூட்டாமல் தெளிவாக வாசித்தாள். "உறவு இல்லையெனில் இல்லை எனக் குறிப்பிடவும்." பிறகு தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். "இங்க ஒண்ணு எழுதாம விட்டிருக்கீங்க."

சின்னவள் நீட்டிய பேனாவைத் திருப்பிப் பிடித்து, படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அது வரவில்லை. பெரியவளின் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே அழுந்திக்கொண்டிருந்தது.